காலையிலேயே போட்ட கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் வசனக்கா. சும்மா வைத்த பெயர் இல்லை. தலைவலி என்று யாராவது உட்கார்ந்தால் மாத்திரைக்கு முன்னால் வேத வசனம் வந்து சேரும். லீவு கிடைக்காதவளுக்குப் பொறுமையைப் பற்றி ஒன்று, கிடைத்தவளுக்கு நன்றியைப் பற்றி ஒன்று. அதிகாரமும் எண்ணும் பிசகவே பிசகாது. சின்ன வயசில் சபையில் நடந்த மனப்பாடப் போட்டிகளில் தொடங்கிய பழக்கம் அது. பரிசாக வாங்கிய கோப்பைகள் அலமாரி மேல்தட்டில் இடம் போதாமல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன.

அவளுடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் தெரியாத்தனமாக, "குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டார். முறுமுறுப்பைப் பற்றி மூன்று வசனம் வரிசையாக வந்து விழுந்தன. "இந்த வீட்டுல வாயைத் திறந்தா அடி விழாது, வசனம் விழும்" என்று சொல்லிவிட்டு மனுஷன் தட்டைக் கழுவப் போய்விட்டார். அவளும் சிரித்தாள். உறைக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரி. ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் சுற்றி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கும் ஸ்டெரைல் ரூமுக்கு அவள்தான் பொறுப்பு. இருபத்தாறு வருஷம். ஒரு ட்ரேயைக் கையில் தூக்கினாலே உள்ளே ஒரு இடுக்கி குறைகிறது என்று சொல்லிவிடுவாள். மாடியில் ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் யார் மேல் எரிந்து விழுந்தாலும் அவள் மேல் விழ மாட்டார்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு ஷீட் உண்டு. எத்தனை மணிக்கு மெஷின் ஓடியது, சூடு எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, ட்ரேக்களோடு தனிப் பொட்டலத்தில் போட்ட சோதனைத் துண்டு நிறம் மாறியதா என்றெல்லாம் எழுதி, அடியில் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் ட்ரேக்கள் மாடிக்குப் போகலாம். இல்லாவிட்டால் அசையக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஒரு நாளைக்கு ஆறு லோடு. அவளோ பாதி நேரம் கழுவும் பக்கத்தில் முழங்கை வரை ஈரக் கையுறையோடு நிற்பாள். லோடு முடிந்ததும் கையுறையைக் கழற்று, கையைக் கழுவு, துடை, இந்தப் பக்கம் வா, பார், கையெழுத்துப் போடு, திரும்ப மாட்டு. அதற்குள் மாடியிலிருந்து போன் மேல் போன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், முழங்கால் வீங்கியிருந்த ஒரு காலையில், வந்ததும் வராததுமாக ஆறு ஷீட்டிலும் ஒரே மூச்சாகக் கையெழுத்துப் போட்டு மெஷின் பக்கத்தில் கிளிப்பில் மாட்டிவிட்டாள். முழங்கால் வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒன்றும் கெட்டுப்போகவில்லையே! அதுதான் வினையே. மெஷின் நல்ல மெஷின். ரெண்டு வருஷம் அவளுடைய கையெழுத்துக்கு மரியாதை கொடுத்து ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

மெஷினிலிருந்து ட்ரேக்களை இறக்கும் உதவியாள் அன்றைக்கு வரவில்லை. அந்த வேலையையும் சேர்த்துச் செய்தவர் ட்ராலி தள்ளுகிறவர். நாற்பத்தைந்து வயசு. நாள் முழுக்க ட்ராலியும் கையுமாகத் திரிவதால் அவருக்குச் சக்கரம் என்று பேர். வசனக்காவைத் தம்பி உரிமையோடு சீண்டுகிற ஒரே ஆள். "அக்கா, ஒரு வசனம் சொல்லுங்க, லிஃப்ட் வரட்டும்" என்பார். தாமதமாக வந்ததற்காக ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், ஸ்டெரைல் ரூம் சுவருக்கும் தெரியும்.

இரண்டாவது லோடு ஓடிக்கொண்டிருந்தபோது வசனக்கா பக்கத்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சனிக்கிழமை வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வாராவாரம் சபையில் பதினோரு பெண்களுக்கு அவள் வேத வகுப்பு எடுக்கிறாள். அந்த வாரத் தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். வசனத்தைக் கேட்பதோடு நிற்காமல் அதன்படி நடப்பது எப்படி! ஐந்து குறிப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வசனம் தேடி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தாள்.

மெஷின் கத்தியிருக்கும். பாதியில் சூடு இறங்கினால் அது கத்தும். ஆனால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிறதென்று அதன் ஒலிப்பெட்டி மேல் நாலு மடிப்பு பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒட்டச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றே கால் மணிக்கு அவள் மெஷின் பக்கம் வந்தாள். கதவு திறந்திருந்தது, உள்ளே காலி. பக்கவாட்டில் தொங்கிய, மெஷின் தானே சூட்டை அச்சடித்துத் தள்ளும் தாள் சுருளை வழக்கம்போல் கிழித்தாள், ஃபைலில் ஒட்டுவதற்காக. கண் போன இடத்தில் நின்றது. சூட்டைக் காட்டும் எண் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, மளமளவென்று இறங்கியிருந்தது. கீழே கறுப்பு எழுத்தில், சுழற்சி முடியவில்லை.

ஐந்து ட்ரே. ஐந்தும் மாடிக்குப் போய்விட்டன.

ட்ரேயைச் சுற்றி ஒட்டும் பட்டையில் கறுப்புக் கோடு வந்திருக்கும். சூடு பட்டாலே அதில் கோடு வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் சக்கரம் இறக்கியிருப்பார், ஷீட்டிலும் கையெழுத்து இருக்கிறதே! ட்ரேக்கு உள்ளேயும் தனிப் பொட்டலத்திலும் கிடக்கும் சோதனைத் துண்டுதான் உண்மையைச் சொல்லும். பொட்டலத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டியவள் அவள்.

போனைப் பாய்ந்து எடுத்தாள்.

"தியேட்டரா? ரெண்டாவது லோடு ட்ரே எதையும் திறக்காதீங்க! மெஷின் பாதியில நின்னுருக்கு!"

எதிர்முனையில் தியேட்டர் நர்ஸ். "அக்கா... ஒண்ணைத் திறந்தாச்சு. குடலிறக்க ஆபரேஷன். ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சு."

"உள்ள இருந்த துண்டு?"

"அவசரத்துல பாக்கல அக்கா. நீங்க அனுப்பினதுதானேன்னு..."

டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னாள். மற்ற நாலு ட்ரேயையும் கீழே அனுப்பச் சொன்னாள். இதுவரைக்கும் அவள் செய்தது எல்லாம் சரி. தாமதிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அடுத்து செய்ததுதான் கேவலம்.

போனை வைத்தாள். கிளிப்பைப் பார்த்தாள். இரண்டாவது லோடு ஷீட்டில் மேலே எல்லாக் கட்டமும் காலி, அடியில் மட்டும் அவளுடைய அழகான கையெழுத்து. கை தானாக நீண்டது. அதை உருவி, நாலாக மடித்து, ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள். யோசித்துச் செய்தாளா என்றால் இல்லை. ஆனால் கை நடுங்காமல் செய்தாள், அதையும் சொல்லியாக வேண்டும்.

அஞ்சு நிமிஷத்தில் மேட்ரன் வந்துவிட்டார். பின்னாலேயே நாலு ட்ரேயோடு சக்கரம். மேட்ரன் ஒரு ட்ரேயை அங்கேயே பிரித்து, சோதனைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் மாறாமல் வெளுப்பாக இருந்தது. இன்னொன்று, அதுவும் வெளுப்பு.

"இந்த லோடு ஷீட் எங்க?"

கிளிப்பில் ஒன்றாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. மேட்ரன் ஓடாத லோடுகளின் ஷீட்டைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருடைய கோபம் எல்லாம் ஆள் மேல் இருந்தது.

"ஷீட்டே இல்லாம எப்படி எடுத்துட்டுப் போன?"

"இருந்துச்சு மேடம்" என்றார் சக்கரம். "அக்கா கையெழுத்து இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"எங்க? காட்டு."

அவர் கிளிப்பைத் தடவினார். மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். குப்பைக்கூடையைக் கிளறினார். வியர்த்துவிட்டது மனுஷனுக்கு.

"மூணாவது மெமோ இது, ஞாபகம் இருக்கா? ஒரு மனுஷன் வயித்தைத் திறந்து வச்சிருக்காங்க மேல, நீ கதை விடுற!"

"அக்காவைக் கேளுங்க மேடம். அக்கா பொய் சொல்ல மாட்டாங்க."

"சரி, அவங்களே சொல்லட்டும். அவங்க சொன்னா நான் மறுபேச்சு பேசல."

ரெண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

உண்மை பேசுவதைப் பற்றி அவளுக்கு நாற்பத்திமூன்று வசனம் தெரியும். ஒரு தடவை எண்ணியே பார்த்திருக்கிறாள். அத்தனையும் அந்த நேரத்தில் மண்டைக்குள் வரிசையாக வந்தன, அதிகாரத்தோடும் எண்ணோடும். ஒன்றுகூட நாக்குக்கு இறங்கவில்லை. பதிலுக்கு வேறு கணக்குகள் ஓடின. பணி ஓய்வுக்கு ஆறு வருஷம். சபையில் என்ன சொல்வார்கள்? வகுப்புக்கு எந்த முகத்தோடு போவது? டாக்டருக்குத்தான் சொல்லியாச்சே, நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்வார்களே, ஷீட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சப்பைக்கட்டு கட்டுவதற்கு மனசுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

"நான்... கழுவுற பக்கம் இருந்தேன்" என்றாள். அதுவும் பொய்தான்.

மேட்ரன் தலையாட்டினார். "கேட்டியா?"

சக்கரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"அப்போ நான்தான் வேற ஷீட்டைப் பாத்திருப்பேன் மேடம். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கோங்க."

தன் கண்ணைவிட அவளை நம்பினார் அந்த மனுஷன். நெஞ்சில் ஓங்கி மிதித்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக எல்லோருக்கும் வசனம் கொடுத்தவளுக்கு அன்றைக்குக் கையில் இருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

மேட்ரன் பேனாவைத் திறந்துவிட்டார்.

"மேடம், நிறுத்துங்க."

ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, மடித்த தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மேட்ரன்தான் விரித்தார்.

"அவர் சொன்னதுதான் நிஜம். காலையில வந்ததும் ஆறுலயும் போட்டுடுவேன். ரெண்டு வருஷமா. மத்ததையும் பாருங்க, எல்லாத்துலயும் இருக்கும். இதை இப்போதான் ஒளிச்சேன். மெஷின் சத்தத்தை அடைச்சதும் நான் சொல்லித்தான்."

மேட்ரன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வசனக்கா, நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத் திட்டே தேவலை.

சக்கரம் காலி ட்ராலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அவளோடு மறுபடி பேச நாலு நாள் ஆனது. பேசியபோதும் "லிஃப்ட் ரிப்பேர்" என்று மட்டும்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் நோயாளியின் மனைவியிடம் டாக்டர் விஷயத்தைச் சொல்லப் போனபோது, தானும் வருகிறேன் என்று வசனக்காதான் கேட்டாள். நோயாளி ஒரு தச்சர். மனைவி தையல் கடை வைத்திருக்கிறவள், முப்பத்தைந்து வயசு இருக்கும். டாக்டர் நிதானமாகச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் கருவிகளை மாற்றிவிட்டோம், மருந்து கூடுதலாகக் கொடுக்கிறோம், கருவிகள் நன்றாகக் கழுவி ஓரளவு சூடும் பட்டவைதான், ஆனாலும் சீழ் பிடிக்காது என்று இப்போது சொல்ல முடியாது, ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

"யார் செஞ்சது?" என்றாள் மனைவி.

"நான்தாம்மா" என்றாள் வசனக்கா.

"பாக்காமயா கையெழுத்து போட்டீங்க?"

"பாக்காமதான்."

"நான் ஒரு பட்டன் தைச்சாக்கூட இழுத்துப் பாத்துட்டுத்தாங்க குடுப்பேன்! அது வெறும் சட்டை. இது என் புருஷன் வயிறு!" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "போயிடுங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

போனாள். ஆனால் மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் வார்டு வாசலில் வந்து நின்றாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை தச்சருக்கு உடம்பு கதகதவென்று சுட்டது. அன்று ராத்திரி வசனக்கா சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல அவருக்கு இருந்திருக்கும். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு அடித்தே இருப்பாள்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள். பதினோரு பெண்களும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். "புது வசனம் எதுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்த வாரம் புதுசு கிடையாது" என்றாள். பிறகு நடந்தது முழுவதையும் சொன்னாள், ஏப்ரன் பை உட்பட. சொல்லி முடித்தபோது யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவள் சமாதானம் சொன்னாள். "மனசை விட்டுடாதீங்க அக்கா. எல்லாம் சாத்தானோட சோதனை."

"சாத்தான் வந்து என் பேனாவைப் பிடிக்கலம்மா. நான்தான் பிடிச்சேன்" என்றாள் வசனக்கா வெடுக்கென்று. "வசனம் எனக்கு நிறையத் தெரியும். தெரிஞ்சுக்கறதே நடக்கறதுன்னு இத்தனை வருஷம் நெனச்சுட்டேன். நீங்களும் அப்படி நெனைக்காதீங்க. போன வாரம் படிச்சோமே, அதுல ஒண்ணே ஒண்ணை யாராவது வீட்டுல செஞ்சீங்களா? அதை மட்டும் இன்னிக்குப் பேசுவோம்." ஒவ்வொருத்தியாக நோட்டுப் புத்தகத்தை மூடினார்கள். அப்புறம் ஒருத்தி, மாமியாரோடு பேசாமல் இருப்பதைப் பற்றித் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எழுத்துப்பூர்வமாகக் கண்டனம் வந்தது. பொறுப்பைப் பறித்தார்கள். இனிமேல் கழுவும் பக்கம் மட்டும். கையெழுத்துப் போட வேறொருத்தி வந்தாள், வசனக்காவிடமே வேலை பழகியவள். அவள் வந்த முதல் நாளே ஒலிப்பெட்டி மேலிருந்த பிளாஸ்டரை வசனக்காதான் உரித்தாள். மெஷின் எதற்கெடுத்தாலும் கத்தத் தொடங்கியது. யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமையே விட்டுவிட்டது. தையலைப் பிரித்துப் பார்த்த டாக்டர் புண் சுத்தமாக ஆறியிருக்கிறது என்றார். வார்டு வாசலில் நின்ற வசனக்காவிடம் தையல்காரி தானாகவே வந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குப் போறோம்."

"கேட்டேம்மா. ஆண்டவருக்கு..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வார்த்தையை அந்தப் பெண்ணிடம் சொல்ல அன்றைக்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"அவர் பொழச்சாருங்கறதால நீங்க செஞ்சது சரியாயிடாது."

"ஆகாதும்மா."

"இப்போ யார் பாக்குறா? அங்க?"

"வேற ஒருத்தங்க. லோடு முடிஞ்சதும், துண்டைப் பாத்துட்டுத்தான் போடுறாங்க."

"எனக்கு அதைக் காட்டுங்க" என்றாள் தையல்காரி. "இன்னிக்கும் யாரோ ஒருத்தியோட புருஷன் மாடியில படுத்திருப்பாரு."

மேட்ரனிடம் கேட்டு, அவளைக் கீழே கூட்டிப்போய் ஸ்டெரைல் ரூம் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினாள் வசனக்கா. உள்ளே நாலாவது லோடு ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் முகப்பில் எண்கள் ஏறின. முழுச் சூடு வந்ததும் மெஷின் ஒரு தடவை கத்தியது.

"இனிமேதான் முக்கியம். இந்தச் சூடு இறங்காம நிக்கணும்" என்றாள் வசனக்கா.

தையல்காரி சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். எண் அசையாமல் நின்றது. பக்கத்தில் இன்னொரு எண் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அது பூஜ்யத்தைத் தொட்டதும் மெஷின் மறுபடி கத்தியது.

"முடிஞ்சிருச்சா?"

"நேரம் முடிஞ்சிருச்சு. இனி சூடு தணிஞ்சதும் திறந்து துண்டைப் பாக்கணும்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஏழு நிமிஷம்."

தையல்காரி திரும்பி அவளை நேருக்கு நேராகப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஏழு நிமிஷந்தானா? இதுக்கா உங்களால நிக்க முடியல?"

வசனக்காவுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. முழங்கால் இருந்தது, ஈரக் கையுறை இருந்தது, மாடியிலிருந்து வந்த போன்கள் இருந்தன.

"நிக்க முடிஞ்சிருக்கும்மா" என்றாள். "நான் நிக்கல."

தையல்காரி தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறிப் போனாள். உள்ளே புதிய பொறுப்பாளர் கதவைத் திறந்து, சோதனைப் பொட்டலத்திலிருந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்து முடித்துப் பேனாவை எடுக்கும்வரை வசனக்கா சன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள்.